புல்வெளியில் நான்கு பந்துகள்

விம்பிள்டன் என்றவுடன் நம் இளைஞர்களின் மனக்கண்முன் டென்னிஸ் மட்டைதான் தோன்றும். ஆனால் 1868-ஆம் ஆண்டில் அந்தச் சங்கம் பிறந்தது டென்னிஸுக்காக அன்று. குரோக்கே என்னும் ஆட்டத்துக்காகவே. டென்னிஸ் பின்னால் குடியேறி வீட்டுக்காரனையே மூலைக்குத் தள்ளிவிட்டது. சங்கத்தின் பெயரில் மட்டும் குரோக்கே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சென்ற கோடையில் இங்கிலாந்தில் ஒரு சிற்றூரில் சில வாரம் தங்கியபோது, இந்த ஆட்டத்தின் பழைய வகையாகிய அசோசியேஷன் குரோக்கேயை அவ்வூர்ச் சங்கத்து மூதாட்டி ஒருவரிடம் நாம் பயின்றோம். 35 கஜ நீளமும் 28 கஜ அகலமும் உள்ள புல்தரை. அதில் ஆறு இரும்பு வளையங்கள். நடுவில் ஒரு முளை. நீலமும் கறுப்பும் ஒருவருக்கு, சிவப்பும் மஞ்சளும் மற்றவருக்கு. கொட்டாப்புளி போன்ற ஒரு மரச் சுத்தியால் ஒவ்வொரு பந்தையும் ஆறு வளையங்களிலும் முறைப்படி இருமுறை நுழையச் செய்து, முடிவில் முளையில் மோதவிட வேண்டும். ஆக 26 புள்ளிகள். பந்தின் எடை ஒரு ராத்தல். வளையத்தின் வாயோ பந்தைவிட அரைக்கால் அங்குலத்திற்குமேல் அகலமிராது!

"வளையத்தைப் பார்க்காதீர்கள், மற்றப் பந்துகளைப் பாருங்கள்" என்பதே அம்மையாரின் முதற் பாடம். ஆட்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நம் பந்து வேறொரு பந்தைத் தொட்டுவிட்டால், அதனருகே நம்முடையதை ஒட்டி வைத்து இரண்டும் நகரும்படி ஓர் அடி. அதன்பின் இன்னும் ஓர் அடி. வளையம் நுழைந்தாலும் ஓர் அடி கிடைக்கும். நம் வீட்டுப் பல்லாங்குழியில் கைராசியுள்ள பாட்டி காய்களை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே போக, எதிரே இருப்பவர் கன்னத்தில் கைவைத்துக் காத்திருப்பாரே, அதே கதைதான். எதிராளியின் பந்தும் நமக்கு ஏணியாகும். அவரோ ஓரத்து நாற்காலியில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஓர் அடியில் இரண்டு பந்துகளை இரண்டு இடங்களுக்கு அனுப்புவதுதான் பெரும்பாடு. ஒட்டி நிற்கும் பந்து, இரண்டின் மையங்களையும் சேர்க்கும் கோட்டின் வழியே போகும். நம் பந்து வேறு திசையில் பிரியும். க்ஷேத்திர கணிதம் கசக்கும் பையன்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தினால் ஒரு மாலைப்பொழுதில் கோணம் புரிந்துவிடும்.

இதில் உடல் வலிமைக்குப் பெரிய மதிப்பில்லை. ஆண்களும் பெண்களும் ஒரே பந்தயத்தில் மோதுகிறார்கள். டோரதி ஸ்டீல் என்ற மாது 1925, 1933, 1935, 1936 ஆகிய ஆண்டுகளில் ஆண்களையும் வென்று இங்கிலாந்தின் பொதுப் பட்டத்தைப் பெற்றார். பெண்களுக்கு விளையாட்டு எதற்கென்று கேட்கும் பெரியவர்கள் இந்த ஆண்டுகளைக் குறித்துக்கொள்வார்களாக.

ஒருநாள் அம்மையார் தொடர்ந்து ஐந்து வளையங்களை நுழைந்துவிட்டார். ஆறாவதற்காக, ஒட்டி வைத்த பந்தை மெல்ல உரசித் தம் பந்தைத் தொலைவுக்கு அனுப்பினார். அது போய்ச் சேர்ந்த இடமோ அற்புதம். உடனே நிமிர்ந்து, "அந்தப் பந்து அசையவில்லை. என் முறை முடிந்தது" என்றார். ஒட்டி நிற்கும் பந்து சற்றேனும் அசைய வேண்டும் என்பது விதி. பத்தடிக்கு அப்பாலிருந்த நமக்கு அது அசைந்ததா இல்லையா என்பதே தெரியாது. நடுவரும் இல்லை, சாதாரண ஆட்டங்களில் ஆடுகிறவர்களே நடுவர்கள்.

புல்லின்மேல் இவ்வளவு நுட்பமாக நியாயம் பார்த்த சாதியார், 1947-க்கு முன் நம் நாட்டில் அமைத்த எத்தனையோ கிளப்புகளில் நம்மவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தார்கள் என்ற எண்ணம் அப்போது எழாமலில்லை. ஓரிடத்து நியாயம் மற்றோரிடத்துக்குக் கப்பலேறி வரவில்லை போலும்! அம்மையாரிடம் அதைச் சொன்னோம். அவர் மறுத்துப் பேசவில்லை. சிறிது நேரம் புல்லையே பார்த்துவிட்டு, நாற்காலியில் போய் அமர்ந்து, "உங்கள் முறை" என்றார்.

நம்முடைய சிவப்புப் பந்து மூன்றாவது வளையத்துக்கு நேரெதிரே, இரண்டு கஜ தூரத்தில் கிடந்தது.