பெயின்ட்டுக்கும் எடை உண்டு

சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 2024 ஆகஸ்ட் கடைசியில் இரவுப் பந்தயம் நடந்தபோது கோவை நண்பர் ஒருவர் போன் செய்தார். "அங்க ஓடுன ஃபார்முலா 4 வண்டியெல்லாம் பிரான்சுல செஞ்சு வந்ததுங்க. நம்மூரு ஷெட்டுல செய்யற வண்டியப் பாத்திருக்கீங்களா?" பார்த்ததில்லை என்றேன். கிளம்பி வரச் சொன்னார்.

கோவைக்குப் பந்தய கார் ஒட்டிக்கொண்டது கரிவரதனால். மில் முதலாளிகள் குடும்பத்துப் பிள்ளை. 1980களின் இறுதியில் மாருதி 800 என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி கட்டினார். இறக்குமதி வண்டிக்கு வழியில்லாத பையன்களும் பந்தயத்துக்கு வந்தது அதனால்தான். 2005இல் ஃபார்முலா 1இல் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியதும் ஃபார்முலா மாருதி என்ற அந்த வண்டியைத்தான். 1995இல் சிறுவிமான விபத்தில் கரிவரதன் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் இருக்கும் 2.1 கிலோமீட்டர் தடத்துக்கு அவர் பெயர்தான்.

நண்பர் சொன்ன ஷெட் கோவை கணபதிப் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. முன்பாதியில் ஃபைபர் வேலை. அச்சுக்கு மெழுகு தடவி, கண்ணாடி நார்ப் பாயை விரித்து, ரெசின் ஊற்றி உருளையால் தேய்க்கிறார்கள். எதற்கு எவ்வளவு ஹார்டனர் என்று ஒரு தம்பி மூச்சுவிடாமல் விளக்கினார். எனக்குத் தலை சுற்றியது ரெசின் வாடையாலா, கணக்காலா தெரியவில்லை. பின்பாதிக்கு நகர்ந்துவிட்டேன்.

அங்கே இரண்டு மரக்கட்டைகளின் மேல் பந்தய வண்டியின் மூக்கு மட்டும் கிடந்தது. பக்கத்தில் பெயின்டர் அண்ணன், ஐம்பதைத் தாண்டியவர், ஸ்ப்ரே கன்னைக் கழற்றித் தின்னரில் கழுவிக்கொண்டிருந்தார். மேலே கப் வைத்த சின்ன கன். நாசில் துவாரம் 1.3 மில்லிமீட்டர். ஊசியைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார், மறுபடி துடைத்தார். சுவரில் ஒட்டியிருந்த தினத்தந்தி மேல் ஒரு அடி அடித்தார். நடுவில் பருத்து இரு முனையும் மெலிந்த நீள்வட்டம் விழுந்தது. கீழ்முனை சற்றுக் கனமாக இருந்ததாம். எனக்குத் தெரியவில்லை. திரும்பவும் கழற்றிவிட்டார்.

"கார் பெயின்ட்டுனா அழகுக்குங்க. ரேஸ் வண்டிக்குக் கம்மியா அடிக்கிறதுதான் வேலை" என்றார்.

அந்த மூக்குக்குப் பளீர் மஞ்சள் கேட்டிருந்தார் வண்டிக்காரர். அண்ணனுக்கு அதில் ஏகக் கடுப்பு. மஞ்சளும் சிவப்பும் அடியில் இருப்பதை மறைக்காத நிறங்கள். சாம்பல் பிரைமர் மேல் அடித்தால் மூன்று கோட், நாலு கோட் என்று போய்க்கொண்டே இருக்கும். அதனால் அடியில் வெள்ளை கொடுத்தாக வேண்டும். ஃப்ளோரசன்ட் என்றால் வெள்ளை இல்லாமல் எரியவே எரியாது, வெயிலில் சீக்கிரம் வெளுத்தும்விடும். ஒவ்வொரு கோட்டும் எடை. கறுப்பு நன்றாக மறைக்கும், ஆனால் ஃபைபரில் இருக்கும் மேடுபள்ளம் அத்தனையையும் காட்டிக்கொடுத்துவிடும். மெட்டாலிக் கேட்டால் அவர் கையெடுத்துக் கும்பிடுகிறார். கன்னைப் பிடிக்கும் தூரம் கொஞ்சம் மாறினாலே உள்ளிருக்கும் அலுமினியத் துகள் வேறு விதமாகப் படியும், நிறம் வேறாகத் தெரியும். பந்தயத்துக்குப் பந்தயம் மூக்கை உடைத்துக்கொண்டு வரும் வண்டிக்கு ஒட்டுவேலையே செய்ய முடியாது. வெள்ளைதான் அவர் கட்சி. யாரும் கேட்பதில்லை.

நான் மெர்சிடஸ் கதையைச் சொன்னேன். 1934இல் பந்தய வண்டி 750 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒரு கிலோ கூடிப்போனதால் ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளைப் பெயின்ட்டைச் சுரண்டி, அலுமினியம் பளபளக்க ஓட்டினார்கள் என்பார்கள். வரலாற்றாசிரியர்கள் பலர் இதை நம்புவதில்லை. அண்ணன் அரை நிமிடம் யோசித்தார். "அடியில இருந்த பட்டிய என்ன பண்ணாங்களாம்?" எந்தப் புத்தகமும் எனக்குள் எழுப்பாத சந்தேகம். ஆனால் 2022 முதல் ஃபார்முலா 1 அணிகள் பல எடைக்குப் பயந்து வண்டியின் பல பகுதிகளைப் பெயின்ட் இல்லாமல் கறுப்பு கார்பனாகவே விட்டது கதையல்ல.

இதற்குள் ஃபைபர் தம்பி போனில் போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் படத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தடத்துக்கென்றே செய்து சாலைக்கும் அனுமதி வாங்கிய வண்டி. 1,450 கிலோ எடை, 525 குதிரைத்திறன், மணிக்கு 285 கிலோமீட்டரில் காற்று மட்டுமே 860 கிலோவுக்குத் தரையோடு அழுத்தும். பின்னிறக்கை கூரையைவிட உயரம். அதைத் தாங்கும் கைகள் மேலிருந்து வளைந்து பிடிக்கின்றன, ஏனென்றால் இறக்கையின் அடிப்பக்கத்தில்தான் காற்று தடையில்லாமல் ஓட வேண்டும். முன்சக்கரத்தின் மேல் வரிவரியாகத் திறப்புகள், சக்கரக்குழிக்குள் அடைபடும் காற்று வெளியேற. கூரையில் சின்னத் துடுப்புகள். முன்னால் ரேடியேட்டர் கக்கும் சூட்டுக்காற்று பின்னாலிருக்கும் என்ஜின் வாய்க்குள் போகாமல் பக்கவாட்டில் ஒதுக்கிவிட. கூடுதல் காசு கொடுத்தால் கேட்ட நிறத்தையும் அடித்துத் தருகிறார்கள்.

தம்பி காற்றைப் பற்றிப் பேசினார். அண்ணன் படத்தை விரலால் பெரிதாக்கி அந்த வரித்திறப்பின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தன ஓரம் பாருங்க. ஓரத்துல பெயின்ட் நிக்காதுங்க, இழுத்துக்கும். தேய்க்கறப்ப மொத அங்கதான் பிரைமர் தெரியும். இத அடிச்சவன் ஆளு." வண்டியின் விலையை அவர் விசாரிக்கவே இல்லை.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் தொடங்கிய கை அது. முதலில் உப்புத்தாள் தேய்ப்பு, பிறகு பின்பலகையில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதுவது, பிறகு கன். கோவைக்கு வந்து டிங்கரிங் பட்டறையில் இருந்தபோது, பந்தயத்துக்கு முந்தின நாள் சுவரில் மோதிய வண்டியைத் தூக்கிக்கொண்டு யாரோ வந்தார்கள். விடிவதற்குள் முடித்துக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து இந்த வேலை.

கூலியைக் கேட்டேன். வேலை பிடித்துக் கொடுக்கும் ஆள் ஒருவர் நடுவில் இருக்கிறார். பில்லில் பாதி அவருக்கு. பெயின்ட் டப்பாவையும் அவர் சொல்லும் கடையில்தான் வாங்க வேண்டும், அதிலும் அவருக்குப் பங்கு. டயருக்கும் பெட்ரோலுக்கும் கணக்குப் பார்க்காத அணிகள் பெயின்ட்டர் கூலியில் பேரம் பேசுகின்றன. பெயின்ட்டில் கலக்கும் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் புகையாக உள்ளே போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவந்து கொடுக்கும் முகமூடி தேவை. அண்ணன் மூக்கில் கட்டியிருந்தது கைக்குட்டை. ஓட்டுகிறவனுக்குத் தீப்பிடிக்காத உடையும் ஹெல்மெட்டும் இல்லாமல் தடத்துக்குள் விடமாட்டேன் என்கிறது விதி. வண்டி ஷெட்டில் இருக்கும்வரை அந்த விதிக்குக் கண்ணில்லை. நடுவில் நிற்பவரின் பங்கில் கால்வாசியைப் பிடித்தாலே அந்த முகமூடி வந்துவிடும். இதை நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஃபைபர் தம்பி கம்ப்ரஸரைப் போட்டுவிட்டார்.

அண்ணனின் மகன் அவிநாசி ரோட்டில் கார் ஸ்டிக்கர் கடையில் இருக்கிறானாம். ஏசி அறை, மாதச் சம்பளம், புகையில்லை. இப்போது அணிகள் பெரும்பாலும் வண்டி முழுக்க ஸ்டிக்கரே சுற்றுகின்றன. விளம்பரதாரர் மாறினால் உரித்துவிட்டு வேறு ஒட்டலாம். ஸ்டிக்கருக்கும் எடை உண்டே என்றேன். "ஒட்டறவன் தராசு வெச்சா பாக்கறான்?"

"அப்ப பையன் உங்ககிட்ட வேலைக்கு வரவே மாட்டானா அண்ணா?"

"வருவானுங்க. திறப்பு ஓரத்துல ஸ்டிக்கர் நிக்காது, காத்துல தூக்கிரும். அங்க மட்டும் அதே கலர்ல அடிச்சுக் குடுப்பான்னு மாசத்துக்கு ஒருக்கா கொண்டாந்து நிறுத்துவான்."

"பையன்கிட்டக் காசு வாங்குவீங்களா?"

"வாங்காம?" என்றவர் கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார்.