ஆறு மாத மருந்து

யுத்தத்திலிருந்து உயிர் தப்பிய பெண்களுக்கு உடம்பைக் கவனிப்பது கடைசி வேலை. பிள்ளைகளின் சாப்பாடு, காணிப் பத்திரம், காணாமற்போனவரைத் தேடும் அலைச்சல், கடன் என்று எல்லாம் முன்னால் நிற்கும். மலத்தோடு இரத்தம் போனால் "மூலமாக இருக்கும்" என்று முடித்துவிடுகிறோம். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் சிலருக்கு அது பெருங்குடல் புற்றுநோயின் அடையாளம். மலம் கழிக்கும் வழக்கம் மாறி வாரக்கணக்கில் நீடிப்பது, காரணமின்றி மெலிவது, இரத்தச்சோகை, தீராத வயிற்று வலி ஆகியவையும் அப்படித்தான். வெட்கத்தை விட்டு வைத்தியரிடம் சொல்ல வேண்டிய விடயங்கள் இவை.

எனக்கு இந்த நோய் 2018இல் கண்டுபிடிக்கப்பட்டது. குடலின் நோயுற்ற பகுதியைச் சத்திரசிகிச்சை செய்து அகற்றினார்கள். அதனோடு எடுத்த நிணநீர்க் கணுக்கள் இரண்டில் புற்றுநோய்க் கலங்கள் இருந்தன. இதை மூன்றாம் நிலை என்கிறார்கள். ஆறு மாதம் கீமோ எடுக்க வேண்டும் என்றார் வைத்தியர். கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, பிறகு எதற்கு என்று கேட்டேன்.

அவர் சொன்னதை எங்கள் பாஷையில் சொல்கிறேன். கோரைப்புல்லை மேலே பிடுங்கினால் மண்ணுக்குள் கிழங்கு மிஞ்சும். அதுபோல, எந்தப் படத்திலும் தெரியாத சில கலங்கள் உடம்பில் எங்காவது தங்கியிருக்கலாம். இந்த மருந்து அவற்றுக்காகத்தான். 1990இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்றில், சத்திரசிகிச்சையின் பின் இவ்வகை மருந்து பெற்ற மூன்றாம் நிலை நோயாளரிடையே மரணங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அதற்குப் பிறகு மருந்துகள் இன்னும் முன்னேறியுள்ளன.

கீமோவின் கதை எங்களைப் போன்றவர்கள் அறிய வேண்டியது. அது யுத்தத்தோடு பிறந்த மருந்து. விஷவாயு ஆராய்ச்சியிலிருந்து வந்த ஒரு பொருளை 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக வைத்தியர்கள் புற்றுநோயாளி ஒருவருக்கு ஏற்றினார்கள். 1943 டிசம்பர் 2ஆம் திகதி இத்தாலியின் பாரி துறைமுகத்தில் குண்டு விழுந்தபோது, கப்பலொன்றில் இருந்த மஸ்டர்ட் விஷம் கடலில் கலந்தது. அதில் அகப்பட்டவர்களின் வெண்குருதிக் கலங்கள் அழிந்திருந்ததை வைத்தியர்கள் கண்டார்கள். கொல்வதற்குச் செய்த பொருள், வேகமாகப் பெருகும் கலங்களை அழிக்கும் மருந்துக்கு வழிகாட்டியது.

நான் எடுத்தவை வேறு வகை மருந்துகள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கண்டி வைத்தியசாலையில் ஒக்ஸாலிபிளாற்றின் நாளத்தின் வழியே ஏற்றப்பட்டது. பிறகு பதினான்கு நாட்கள் காலையும் மாலையும் சாப்பாட்டின் பின் கெப்பசிற்றபின் குளிசை. ஒரு வாரம் ஓய்வு. இப்படி எட்டுத் தடவை. சிலருக்கு மூன்று மாதமே போதும் என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. யாருக்கு எவ்வளவு என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

மருந்து இலவசம். ஆனால் போய்வரும் செலவும் இழக்கும் நாட்கூலியும் இலவசமில்லை. கணவன் இல்லாத வீடு, படிக்கும் இரண்டு பிள்ளைகள். "அந்த ஊசியால்தான் ஆட்கள் சாகிறார்கள், விட்டுவிடு" என்று சொந்தக்காரர்களும் சொன்னார்கள். அப்போது அடுத்த வீட்டு ராத்தா வந்து, "நான் வாறன் தங்கச்சி, எனக்குச் சிங்களமும் தெரியும்" என்றார். எட்டுத் தடவையும் உக்குவளை நிலையத்தில் அவரோடுதான் காலைப் புகையிரதம் ஏறினேன். வைத்தியர் சொல்வதைக் கேட்டு எனக்குச் சொல்வார். மருந்தின் பெயர், திகதி, காய்ச்சல் அளவு எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தோம்.

ஒக்ஸாலிபிளாற்றின் குளிரைப் பகையாக்கும். மருந்து ஏறிய பின் சில நாட்கள், காலைப்பனியில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் மின்சாரம் அடித்தது போலிருக்கும். பச்சைத்தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகும். சுடுநீர் குடித்தேன், கையுறை போட்டேன், பாத்திரம் கழுவுவதை மகள் ஏற்றுக்கொண்டாள். விரல் நுனி மரத்துப்போவது அடுத்த மருந்து நாள் வரையும் நீடித்தபோது வைத்தியரிடம் சொன்னேன். அவர் அளவைக் குறைத்தார். பொறுத்துக்கொள்வது பெண்களுக்குப் பழக்கம். இந்தச் சிகிச்சையில் அந்தப் பழக்கம் உதவாது. சொன்னால்தான் அளவை மாற்றுவார்கள். சொல்லாவிட்டால் நரம்புப் பாதிப்பு நிலைத்துவிடலாம்.

வாயிலும் குடலிலும் எலும்பு மச்சையிலும் உள்ள கலங்கள் வேகமாகப் பெருகுபவை. அதனால் மருந்து அவற்றையும் தாக்கும். வாய்ப்புண், வயிற்றோட்டம், களைப்பு வருவது இதனால்தான். தலைமயிர் முழுதாகக் கொட்டும் என்று பயந்தேன். இந்த மருந்துகளில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. எனக்குக் கொஞ்சம் மெலிந்தது, அவ்வளவுதான். பயப்பட வேண்டியது காய்ச்சலுக்கு. வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்கும் நாட்களில் சிறு தொற்றும் உயிரைப் பறிக்கும். உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைற், வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இரவானாலும் வைத்தியசாலைக்குப் போய், கீமோ எடுப்பவள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். நிற்காத வயிற்றோட்டத்துக்கும் இப்படியே. குளிசையை நிறுத்தி உடனே காட்ட வேண்டும்.

உடம்பில் செல் துண்டுகள் உள்ள சகோதரிகளுக்கு இன்னொன்று. எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொன்னால் அதை முன்கூட்டியே கட்டாயம் தெரிவியுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்பை அசைக்கும். நாட்டு மருந்து குடிப்பவர்களும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

மஹரகமவுக்கு மட்டுமே போக வேண்டும் என்ற நிலை இன்றில்லை. கண்டியிலும் மட்டக்களப்பிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் உண்டு. தெல்லிப்பழையிலும் உண்டு. அங்குள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011இல் தெற்கே தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து பணம் சேர்த்தார்கள்.

என்னோடு மருந்து எடுத்த எல்லோரும் இன்று இல்லை. முழுதாக எடுத்தும் நோய் திரும்பியவர்கள் உண்டு. அதை மறைத்து எழுத மாட்டேன். என் ஐந்து வருடக் கண்காணிப்பு 2024இல் முடிந்தது. பிள்ளைகளும் சகோதரங்களும் எந்த வயதில் பரிசோதிக்க வேண்டும் என்பதையும் கேட்டு வைத்திருக்கிறேன்.

மருந்தைத் தருவது வைத்தியசாலை. அதை முடிக்க வைப்பது கூட வரும் ஓர் ஆள். உங்கள் கிராமத்தில் யாராவது ஒரு பெண் தனியே கிளினிக் போய்வருகிறாள் என்றால், அடுத்த தடவை அவளோடு நீங்களும் பஸ் ஏறுங்கள்.