மழையும் மடித்த சேலையும்

மழையை இறைவனின் கொடை என்று வாழ்த்துகிறோம். அதே மழையை அடுத்து வாந்திபேதி பரவினால் காலக்கொடுமை என்கிறோம். கடவுளின் தண்டனை என்பாரும் நம்மிடையே உண்டு. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என்று வினவியபோது, பாவக் கணக்குப் பார்க்கும் அந்தக் கேள்வியையே இயேசு ஏற்கவில்லை. நோயின் காரணத்தை வானத்தில் தேடும் நாம், குடத்து நீரையும் சற்று நோக்க வேண்டும்.

வங்கதேசத்தின் கழிமுகப் பகுதியில் காலரா ஆண்டுக்கு இருமுறை தலைதூக்குவது வழக்கம். கோடையில் ஆற்றில் நீர் குறையவே, கடலின் உவர்நீர் உள்நாட்டுக்குள் ஏறுகிறது. வெப்பம் மிகுந்த அந்நீரில் மிகச்சிறிய மிதவை உயிரிகள் பெருகுகின்றன. காலராக் கிருமிகள் அவற்றின்மீது ஒட்டி வாழ்கின்றன. பருவமழைக்குப் பின்னர் எழுவது இரண்டாம் அலை. வெள்ளம் மலக்கழிவைக் கொண்டுவந்து குளத்திலும் கிணற்றிலும் சேர்த்துவிடுகிறது. வெயிலும் மழையும் கிருமிக்கு வழி திறப்பது உண்மையே. ஆயினும் கழிவும் குடிநீரும் கலக்கும் ஊரில்தான் அது வீட்டுக்குள் நுழைகிறது. அந்தக் கரை நமக்கு அந்நியமன்று. 1992-இல் சென்னையில் முதலில் இனங்காணப்பட்ட புதிய காலரா வகை, சில மாதங்களில் வங்கதேசத்தையும் தாக்கியது.

அந்நாட்டின் மத்லப் வட்டாரச் சிற்றூர்களில் நடந்த ஓர் ஆய்வு நம் சிந்தனைக்குரியது. பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக்கிக் குடத்தின் வாயில் கட்டித் தண்ணீரை வடிகட்டுமாறு பெண்களுக்குக் கற்பித்தனர். கிருமி தனித்திருந்தால் துணியில் சிக்காது. மிதவை உயிரிகளோடு ஒட்டியிருப்பதால் அவற்றுடன் சிக்கிக்கொள்கிறது. துவைத்துத் துவைத்து நைந்த துணியே புதுத்துணியைவிட நன்றாக வடிகட்டிற்று. காலரா 48 விழுக்காடு குறைந்தது என்னும் முடிவு 2003-இல் வெளியாயிற்று.

ஏழைத்தாயின் பழஞ்சேலை ஏறக்குறையப் பாதி நோயைத் தடுத்தது. மறுபாதியைத் தடுக்க நல்ல குழாய்நீரும் கழிப்பிடமும் வேண்டும். அவை ஒரு தாயால் மட்டும் ஆகக்கூடியவை அல்ல, ஊர் கூடிச் செய்ய வேண்டியவை. மழைக்காக மன்றாடும் நாம், மழைக்கு முன்பே நம் தெருவின் கிணற்றையும் சாக்கடையையும் பார்த்து வருவோம். தாகமுற்ற எளியோரில் தம்மைக் காணச் சொன்ன ஆண்டவருக்கு நாம் அளிக்கும் நீர் தூயதாக இருக்க வேண்டாமா?