சுங்கான் செய்தவர் யார்?



என் தாத்தா மேகமலைத் தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களாச் சமையல்காரர். துரை இங்கிலாந்துக்குக் கப்பலேறும்போது கொடுத்துவிட்டுப் போன சுங்கான் எங்கள் பொட்டிப்புரம் வீட்டில் இருக்கிறது. "இதை யாரு செஞ்சது?" என்று பேத்தி கேட்டாள். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு நல்ல வீட்டுப்பாடம்!

மரத்தில் 'லண்டன்' என்ற சொல் மட்டும் மிச்சம். அதை வைத்து முடிவுகட்ட முடியாது. புகையிலைக் கடைக்காரர்கள் வேறு பட்டறையில் செய்த சுங்கானை வாங்கித் தங்கள் கடைப் பெயரைக் குத்தி விற்பதுண்டு. பிரையர் புதரின் வேர்முண்டில் கடைந்த கிண்ணங்கள் பிரான்சின் செயின்ட் க்ளாட் ஊரிலிருந்தும் இங்கிலாந்துக்குப் போயின.

உண்மையான துப்பு வெள்ளிப் பூணில் உள்ள முத்திரைதான். நடக்கும் சிங்கம் என்றால் 92.5 சதவீத வெள்ளி. நங்கூரம் பர்மிங்காம், சிறுத்தைத் தலை லண்டன். தனி எழுத்து ஆண்டைச் சொல்லும். கூடவே, முத்திரைக்குக் கொடுத்த நிறுவனத்தின் முதலெழுத்துகள் இருக்கும். 'இபி டபிள்யூபி' என்றால் பார்லிங். அதிகம் பேர் அறியாத பட்டறைகளையும் இந்த எழுத்துகளைக் கொண்டுதான் பதிவேடுகளில் தேடுகிறார்கள்.

எங்கள் பூணில் நங்கூரம் தெரிகிறது. முதலெழுத்துகள் இல்லை. அப்பத்தா தீபாவளிக்குத் தீபாவளி திருநீறு போட்டுத் துலக்கியதில் தேய்ந்துவிட்டன!

எழுத்து தெரிந்திருந்தாலும் முதலாளி பெயர்தான் கிடைத்திருக்கும். கடைந்தவர் பெயர் எந்த முத்திரையிலும் இருக்காது. தாத்தா பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பேத்தி கையாலேயே ஒரு சீட்டில் எழுதவைத்தேன்.

உங்கள் வீட்டுப் பழம்பொருள் யார் மூலம் வந்தது? பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.