அம்மாவின் நோட்டும் என் கனெக்‌ஷனும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழில் இவ்வளவு நீளமாகக் கடைசியாக எழுதியது பத்தாவது பப்ளிக் எக்ஸாமில்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கோங்க. டெக்னிக்கல் விஷயத்தை ஏன் தமிழில் எழுதறேன்னா, இதைப் படிக்க வேண்டிய முதல் ஆள் எங்க அம்மா.

எங்க ஊர் திருப்பருத்திக்குன்றம். காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதி ஆற்றுப் பக்கம். ஜினகாஞ்சி என்றும் பெயர் உண்டு. திரைலோக்கியநாதர் கோயிலின் விதான ஓவியங்களைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். எங்க வீட்டில் அம்மாவும் அப்பாவும் ஒரே தறியில் பட்டு நெய்கிறார்கள். கோர்வை போட்டால் தறிக்கு ரெண்டு பேர் வேண்டும். பார்டருக்குத் தனி நாடா, உடம்புக்குத் தனி நாடா. பாவு, ஜரிகை எல்லாம் முதலாளி எடை போட்டுக் கொடுப்பார். சேலையை முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி.

மூன்றாம் வருஷம் மினி புராஜெக்ட்டுக்கு நான் தலைப்பு தேடிக்கொண்டிருந்தபோது முதலாளியே கேட்டார். "ஏம்மா, நீ கம்ப்யூட்டர்தானே படிக்கற? இந்த நோட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடேன்."

செய்து கொடுத்தேன். ரூபி மொழி, சினாட்ரா, பூமா சர்வர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். ஏன் ரூபி என்று கேட்பீர்கள். சென்னையில் 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் ரூபி ஆன் ரெயில்ஸில் கட்டப்பட்டது என்று ஒரு சீனியர் சொன்னார். ரூபி கத்துக்கிட்டா வேலை கிடைக்கும்னு ஒரு கணக்கு, அவ்வளவுதான். கடையில் ரெண்டு பேர் அந்த ஆப்பை உபயோகிப்பார்கள். முன்னால் உட்காரும் கணக்குப்பிள்ளை சேலை வரவு போடுவார். உள்ளே இன்னொருவர் பட்டு, ஜரிகை எடையைப் போடுவார். எனக்குப் புராஜெக்ட்டில் நல்ல மார்க். கடையில் நெசவாளர்களின் நோட்டில் எழுதித் தருவதை நிறுத்திவிட்டார்கள். "இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்லயே இருக்கும்மா."

ஒரு சனிக்கிழமை அம்மா கூலி வாங்கப் போய்விட்டு வெறும் கையோடு வந்தாங்க. வியாழக்கிழமை கொடுத்த ரெண்டு சேலை கணக்கில் இல்லையாம். "போன வாரம் குடுத்ததைச் சொல்றீங்களோ என்னவோம்மா" என்று கணக்குப்பிள்ளை சொன்னாராம். அம்மா தன் பங்குக்கு ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தாங்க: தேதி, ரெண்டு சேலை, பதினொன்றே முக்கால் மணி.

"நீ செஞ்சது தப்பா காட்டுமா?" என்று என்னிடம் கேட்டாங்க.

நான் சொன்ன பதிலை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. "கம்ப்யூட்டர் தப்பா காட்டாதும்மா. நீதான் தேதி மாத்தி எழுதியிருப்ப."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டுத் தறிக்குப் போயிட்டாங்க.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் போஸ்ட்கிரெஸ் லாகைத் திறந்தேன். வியாழக்கிழமை, பதினொன்றே முக்காலை ஒட்டி மூன்று வரிகள். "ஏற்கெனவே ஒரு ட்ரான்ஸாக்‌ஷன் நடப்பில் உள்ளது" என்று ஒரு எச்சரிக்கை. அடுத்தது எடைக்கான இடத்தில் தப்பான எழுத்து என்று ஒரு எரர். மூன்றாவது, "நடப்பில் எந்த ட்ரான்ஸாக்‌ஷனும் இல்லை" என்று இன்னொரு எச்சரிக்கை.

இந்த மூன்று வரிக்கு அர்த்தம் புரிய விடிந்துவிட்டது. உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பூமா சர்வர் ஒரே நேரத்தில் பல த்ரெட்களில் வேலை செய்யும். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் ஒரு த்ரெட்டில் ஓடும். ஆனால் நான் டேட்டாபேஸுக்கு ஒரே ஒரு கனெக்‌ஷனைத் திறந்து, அதை எல்லா த்ரெட்டுக்கும் பொதுவாக வைத்திருந்தேன். லேப்டாப்பில் நான் ஒருத்தி மட்டும் டெஸ்ட் செய்தபோது எந்தப் பிரச்சினையும் வரவில்லை. வராது.

ட்ரான்ஸாக்‌ஷன் என்பது கனெக்‌ஷனுக்குச் சொந்தமானது. த்ரெட் என்று ஒன்று இருப்பதே போஸ்ட்கிரெஸுக்குத் தெரியாது. வியாழக்கிழமை நடந்தது இதுதான். கணக்குப்பிள்ளையின் த்ரெட் ட்ரான்ஸாக்‌ஷனைத் தொடங்கியது. அம்மாவின் சேலை வரவையும் கூலியையும் எழுதியது. கமிட் செய்வதற்கு முன்னால் சேலையின் போட்டோவை கிளவுடில் ஏற்றப் போனது. அதற்கு ரெண்டு மூன்று செகண்ட் ஆகும். (ட்ரான்ஸாக்‌ஷனுக்கு நடுவில் இந்த வேலையை வைத்தது என் இன்னொரு முட்டாள்தனம்.) அந்த இடைவெளியில் உள்ளே இருந்தவரின் த்ரெட் அதே கனெக்‌ஷனில் தன் ட்ரான்ஸாக்‌ஷனைத் தொடங்கியது. அவர் ஜரிகை எடையை 240 என்று போடாமல் "240கி" என்று அடித்துவிட்டார். எரர். நான் எழுதிய கோடு ஒழுங்காக ரோல்பேக் செய்தது. அவருடையது மட்டுமல்ல, அம்மாவின் ரெண்டு சேலையும் சேர்ந்து போய்விட்டது. பிறகு முதல் த்ரெட் வந்து கமிட் என்றது. கமிட் செய்ய ஒன்றுமே இல்லை. அதற்கு போஸ்ட்கிரெஸ் எரர் தராது, எச்சரிக்கை மட்டும்தான். அதனால் என் ஆப் பச்சைக் கலரில் "பதிவு செய்யப்பட்டது" என்று காட்டியது.

எங்க ஊர்க் கோயிலில் 1387-ல் இருகப்பர் என்ற விஜயநகர அமைச்சர் சங்கீத மண்டபம் கட்டினார். அதைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அறுநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கணக்கு அழியவில்லை. என் ஆப்பில் அம்மாவின் கணக்கு மூன்று செகண்ட் கூடத் தாங்கவில்லை.

"ரூபியில் ஜி.வி.எல். என்று ஒரு பூட்டு இருக்கே, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தானே ஓடும்?" என்று நீங்கள் கேட்கலாம். வைவாவில் நானும் அதைத்தான் சொன்னேன். உண்மைதான். ஆனால் ஒரு த்ரெட் டேட்டாபேஸுக்கோ நெட்வொர்க்குக்கோ காத்திருக்கும்போது அந்தப் பூட்டை விட்டுவிடும். இன்னொரு த்ரெட் உள்ளே வரும். அந்தப் பூட்டு ரூபியின் உள் வேலைகளைக் காப்பாற்றும். நம் ட்ரான்ஸாக்‌ஷனைக் காப்பாற்றாது.

சரி செய்யப் போய் வரிசையாகத் தப்பு செய்தேன். முதலில் ஒரு மியூடெக்ஸ் போட்டு, ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் என்று வைத்தேன். கணக்கு சரியாக வந்தது. ஆனால் முதலாளி மாச ரிப்போர்ட் எடுத்தால் கடையே காத்திருந்தது. அடுத்து, ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புது கனெக்‌ஷன் திறந்தேன். மூடுவதை ஓர் இடத்தில் மறந்துவிட்டேன். "மன்னிக்கவும், ஏற்கெனவே நிறைய கிளையன்ட்கள்" என்று போஸ்ட்கிரெஸ் கதவைச் சாத்தியது. அதன் டீஃபால்ட் அளவு 100 கனெக்‌ஷன். ஒவ்வொன்றுக்கும் சர்வரில் ஒரு தனி புராசெஸ் ஓடுகிறது, அதனால் இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது.

கடைசியில்தான் பூல். ஐந்து கனெக்‌ஷனை முன்கூட்டியே திறந்து ஒரு கியூவில் போட்டு வைப்பது. வேண்டிய த்ரெட் ஒன்றை எடுக்கும், வேலையை முடிக்கும், திருப்பி வைக்கும். கையில் இருக்கும்வரை அது அந்த த்ரெட்டுக்கு மட்டும்தான். ரூபியின் கியூ கிளாஸ் த்ரெட்களுக்குப் பாதுகாப்பானது. ரெண்டு த்ரெட் ஒரே நேரத்தில் கேட்டாலும் ஒரே கனெக்‌ஷன் ரெண்டு பேருக்கும் போகாது. காலியாக இருந்தால் காத்திருக்க வைக்கும்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். "த்ரெட்னா நூல்தானே?" என்றார். பிறகு, "நம்ம தெருவுல பாவு நீட்ற மாதிரி" என்றார். எங்க தெருவில் காலையில் ரெண்டு பாவு நீட்டத்தான் இடம் இருக்கும். மூன்றாவது ஆள் காத்திருக்க வேண்டும். முடித்தவர் கழி, கயிறு எல்லாவற்றையும் எடுத்து, இடத்தைச் சுத்தமாக விட்டுவிட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் அடுத்தவருக்குச் சண்டை.

அந்த "சுத்தமாக விட்டுவிட்டுப் போவது"தான் பூலில் பாதி வேலை. என் முதல் பூலில் அது இல்லை. எரர் வந்தால் கனெக்‌ஷன் கியூவுக்குத் திரும்பவே இல்லை. ஐந்து எரருக்குப் பிறகு கியூ காலி, ஆப் அப்படியே நின்றுவிட்டது. திருப்பி வைக்கும் வரியை என்ஷூர் பகுதிக்குள் போட வேண்டும். வேலை நன்றாக முடிந்தாலும் பாதியில் விழுந்தாலும் அது ஓடும். பாதியில் நின்ற ட்ரான்ஸாக்‌ஷன் இருந்தால் ரோல்பேக் செய்துவிட்டுத்தான் திருப்ப வேண்டும், இல்லையென்றால் அடுத்த த்ரெட் நம் அழுக்கோடு ஆரம்பிக்கும். காத்திருப்பதற்கும் ஒரு எல்லை வேண்டும். ரூபி 3.2-லிருந்து கியூவின் பாப்புக்கு டைம்அவுட் கொடுக்கலாம்.

இதெல்லாம் நீங்களே எழுத வேண்டியதில்லை. மைக் பெர்ஹாம் எழுதிய கனெக்‌ஷன் பூல் என்ற ஜெம் இருக்கிறது. அதன் வித் பிளாக்குக்குள் வேலையை எழுதினால் எடுப்பதையும் திருப்பி வைப்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ரெயில்ஸில் 2008-ல் வந்த 2.2-லிருந்தே பூல் உள்ளே இருக்கிறது. டீஃபால்ட் அளவு 5. ஐந்து செகண்டில் கனெக்‌ஷன் கிடைக்கவில்லை என்றால் எரர் வரும். அந்த எரர் வந்ததும் 5-ஐ 50 ஆக்காதீர்கள். யார் எடுத்துவிட்டுத் திருப்பி வைக்கவில்லை என்று முதலில் பாருங்கள். பிறகு கணக்குப் போடுங்கள். ஒரு பூமா வொர்க்கரில் ஐந்து த்ரெட் என்றால் பூலிலும் ஐந்து. மூன்று வொர்க்கர் என்றால் மொத்தம் பதினைந்து. அந்த மொத்தம் டேட்டாபேஸ் எல்லைக்குள் இருக்க வேண்டும்.

கோடு சரியாகிவிட்டது. ஆனால் கதை அங்கே முடியவில்லை.

திங்கட்கிழமை காலை கடைக்குப் போய் முதலாளியிடம் சொன்னேன். "தப்பு அம்மாவோடது இல்லைங்க, என்னோடது." கிளவுடில் போட்டோ இருந்தது. டேட்டாபேஸில் வரவு போனாலும் போட்டோ போகவில்லை. அரக்கு உடம்பு, பச்சை பார்டர், அம்மா சொன்ன அதே சேலை. முதலாளி கூலியை உடனே கொடுத்துவிட்டார்.

பிறகு லாகில் அதே எச்சரிக்கை வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடினேன். இன்னும் ஒன்பது இடம். போட்டோக்களையும் நேரத்தையும் வைத்து, வீடு வீடாகப் போய்க் கேட்டு, ஏழைக் கண்டுபிடித்தோம். மீதி ரெண்டும் பல வீட்டில் நெய்கிற ஒரே டிசைன். யாரிடமும் நோட்டு இல்லை. நோட்டு வேண்டாம் என்று சொன்னதே என் ஆப்தான். அந்த ரெண்டு கூலி யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கணக்கில் குறைந்ததுகூடத் தெரியாமல் யாரோ வீட்டுக்குப் போயிருக்காங்க.

இப்போது கடையில் வரவு போட்டதும் நெசவாளர் நோட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். நான்தான் கேட்டு வாங்கினேன்.

ஜூனியர்ஸ், உங்க ஃபைனல் இயர் புராஜெக்ட்டை யாராவது நிஜமாக உபயோகிக்கப் போகிறார்கள் என்றால் ரெண்டு விஷயம் செய்யுங்கள். ஒன்று, ரெண்டு பிரவுசரைத் திறந்து ஒரே நேரத்தில் அழுத்திப் பாருங்கள், அதில் ஒன்றில் வேண்டுமென்றே தப்பாக அடியுங்கள். ரெண்டு, ஒருத்தர் வந்து "கணக்கு தப்பா இருக்கு"ன்னு சொன்னால், அவரைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி லாகைத் திறந்து பாருங்கள்.

அம்மா, சாரி. நேர்ல சொல்லிட்டேன், இங்கயும் சொல்லணும்னு தோணுச்சு.