ஷாத்தோ தோ வீதியில் ஒரு பகற்பொழுது

பாரிஸ் மாநகரைக் கண்டு மீள்பவர்கள் ஈபெல் கோபுரத்தையும் லூவர் அரும்பொருட்சாலையையும் பற்றி எழுதுவது வழக்கம். அவற்றை நானும் கண்டேன். ஆயினும், விடுமுறையொன்றில் என் தமக்கையார் இல்லத்தில் தங்கியிருந்த நாட்களில் நெஞ்சில் ஆழப் பதிந்தது, ஒரு சிகை அலங்காரக் கடையின் மூலையில் நான் கழித்த பகற்பொழுதேயாகும்.

நம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதியை அறியாத யாழ்ப்பாணத்துக் குடும்பம் இன்று அரிது. அங்கிருந்து போபூர் சென் தெனி வீதி வழியே தெற்கு நோக்கிச் சென்றால், 20 நிமிட நடையில் ஷாத்தோ தோ என்னும் மெற்றோ நிலையத்தை அடையலாம். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் விற்கும் கடைகள் பின்னே மறைய, ஆபிரிக்கப் பெண்களின் சிகைக் கடைகள் வரிசையாகத் தோன்றும். நிலைய வாயிலில் நிற்கும் இளைஞர்கள், போவோர் வருவோரைத் தத்தம் கடைக்குக் கூவி அழைப்பர்.

தமக்கையின் மகள் தன் கல்லூரித் தோழிக்குத் துணையாக அங்கே புறப்பட்டாள். தோழியின் பெற்றோர் ஐவரி கோஸ்ட் நாட்டினர். "சின்னம்மா, நீங்களும் வாருங்கள். இப்படியொரு பின்னலை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள்" என்றாள்.

உண்மைதான். நாம் கூந்தலை மூன்று புரியாகப் பிரித்து ஒற்றைச் சடையோ இரட்டைச் சடையோ பின்னுவோம். இங்கோ, சீப்பின் கூரிய வாலினால் சில மில்லிமீற்றர் அகலத்திற்கே வகிடெடுத்து, அச்சிறு கற்றையுடன் வேற்று முடியைச் சேர்த்து, நூலையொத்த சடையாகப் பின்னுகின்றனர். தலை முழுவதற்கும் இத்தகைய சடைகள் நூற்றுக்கணக்கில் வேண்டும். இதனை மைக்ரோ பிரெய்ட்ஸ் என்பர். நுண்பின்னல் என நாம் சொல்லலாம். பெண்கள் மூவர் சூழ நின்று பின்னியும், காலையில் தொடங்கிய வேலை மாலையிலேதான் முடிந்தது.

சேர்க்கும் முடி செயற்கை இழையாகவும் இருக்கும். மனித முடியாகவும் இருக்கும். மேசையிலிருந்த பொதியொன்றில் 'இந்திய முடி' என்று பொறித்திருந்தது. திருப்பதியில் அடியார்கள் காணிக்கையாக இறக்கும் முடி ஏலத்தில் விற்கப்பட்டுப் பல நாடுகளுக்கும் செல்வதை நான் அறிவேன். இப்பொதி எவ்விடத்ததோ? ஆயினும் அதைத் தொட்டபோது என் கை சற்றே தயங்கியது.

நெற்றியோரத்தில் பின்னும்போது தோழி முகம் சுளித்தாள். அழகுக்காகச் சிறிது வலியைப் பொறுக்கத்தானே வேண்டும் என்று நான் எண்ணினேன். கடையின் மூத்த பெண்மணியோ உடனே அச்சடையை அவிழ்த்து, தளர்த்திப் பின்னினார். அவர் கூறியதைத் தமக்கையின் மகள் எனக்கு மொழிபெயர்த்தாள். வலி, இறுக்கத்தின் அறிகுறி. முடியின் வேர் இடையறாது இழுபட்டால் நெற்றியோரத்து முடி உதிரும். நெடுநாள் தொடர்ந்தால் வேரே பழுதுற்று மீண்டும் முளைக்காமலும் போகும்.

பின்னலைப் பேணும் முறைகளையும் அவ்வம்மையார் சொன்னார். இரவில் வழவழப்பான சாற்றின் துணியால் தலையைக் கட்டிக்கொள்ள வேண்டும். பருத்தித் தலையணை முடியை உராய்ந்து உலர்த்திவிடும். நீர் கலந்த ஷாம்பூவைத் தலைத்தோலில் மெல்லத் தடவிக் கழுவி, நன்றாக உலர்த்த வேண்டும். எண்ணெய் சிறிதளவே போதும். இரண்டு மாத அளவில் பின்னலை அவிழ்த்து, முடிக்கு ஓய்வு கொடுத்தல் நலம்.

அப்பெண்கள் நாள் முழுவதும் நின்றபடியே உழைத்தனர். அதே வட்டாரத்து ஸ்திராஸ்பூர்க் பெருவீதியில், வதிவிடப் பத்திரமற்ற ஆபிரிக்கத் தொழிலாளரும் சீனத் தொழிலாளரும் 2014ஆம் ஆண்டில் வேலைநிறுத்தம் செய்து, மறு ஆண்டிலே வதிவிட அனுமதி பெற்றனர். பத்திரத்திற்காகக் காத்திருத்தல் எத்தகையது என்பதை லாச்சப்பலில் வாழும் நம்மவருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பின்னல் முடிந்ததும் தோழி கண்ணாடியில் நெடுநேரம் தன்னை நோக்கினாள். பின்னர் மெல்ல ஏதோ வினவினாள். மறுவாரம் அவளுக்கு ஓர் அலுவலகத்தில் நேர்முகத் தேர்வு. இப்பின்னலுடன் செல்லலாமா என்பதே அவள் ஐயம். அந்த ஐயம் வீணானதன்று. பின்னலுடன் வந்ததற்காக விமானத்தில் பணியாற்ற விடப்படாத ஓர் ஆண் பணியாளர் நீதிமன்றம் சென்றார். பெண்களுக்கு அனுமதித்ததை ஆணுக்கு மறுப்பது பாரபட்சம் என்று பிரான்சின் உயர்நீதிமன்றம் 2022 நவம்பரில் தீர்ப்பளித்தது. தலைமுடியை முன்னிட்டுப் பாரபட்சம் காட்டுதலைத் தடுக்கும் மசோதாவைத் தேசிய சபை 2024 மார்ச்சில் ஏற்றது.

அந்த வினாவைக் கேட்டதும், பல்லாண்டுகளுக்கு முன் என் வகுப்பிலிருந்த ஒரு மாணவி என் நினைவிற்கு வந்தாள். சுருண்டு அடர்ந்த முடி அவளுக்கு. இரட்டைச் சடைக்குள் அது அடங்காது, நாடா நழுவிவிடும். ஒழுங்கின்மை என்று கருதி, ஒருநாள் அவளை வகுப்பிற்கு வெளியே நிறுத்தினேன். மறுநாள் எண்ணெய் வழிய, நெற்றித்தோல் இழுபட, கண்கள் சிவக்க வந்து நின்றாள். அவளது சடை ஒழுங்காக இருப்பதைக் கண்டு நான் திருப்தியுற்றேன். வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

ஊர் திரும்பிய பின் தமக்கையின் மகள் கடிதம் எழுதியிருந்தாள். தோழி அப்பின்னலுடனேயே சென்றாள், வேலையும் கிடைத்தது. இரண்டு மாதம் கழிந்ததும் இருவருமாக அமர்ந்து, நுனியிலிருந்து ஒவ்வொன்றாக, சொந்த முடி அறாமல் அவிழ்த்தார்களாம். அதற்கு இரண்டு நாள் பிடித்ததாம்.

காலை வழிபாட்டின்போது மாணவிகளின் வரிசையைக் கடந்து செல்லும் எனக்கு அந்தக் கடை இப்போதும் நினைவுக்கு வருகிறது. நாடா நழுவிய ஒரு பிள்ளையைக் கண்டால், நின்று, அதை நானே தளர்த்திக் கட்டிவிடுகிறேன்.