ஊருக்கே தண்ணி... தியேட்டருக்கு இல்லை!

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோடு. மேற்கே விருத்தாசலம், கிழக்கே புவனகிரி வழியா சிதம்பரம். சீசன்ல எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர்கள் வரிசைகட்டும். வெள்ளாறு, அணைக்கட்டு, பக்கத்துல வீராணம் ஏரினு தண்ணிக்குப் பேர்போன ஏரியா பாஸ் இது! வீராணம் தண்ணி 2004-லேருந்து 200 கிலோமீட்டருக்கு மேல குழாய்ல ஓடி, சென்னையோட தாகத்தைத் தீர்க்குது.

ஆனா, இந்தப் பக்கம் நாங்க போற ஒரு தியேட்டர்ல குழாயைத் திறந்தா காத்துதான் வருது. கேன்டீன்ல கேட்டா, 'பாட்டில் வாங்கிக்க தம்பி'. வீட்லேருந்து கொண்டுபோனா, கேட்லயே பிடுங்கிடுவாங்க. மீதிச் சில்லறைக்கு மிட்டாய். ஃபேன் ஓடலைனு சொன்னா, 'இஷ்டம்னா பாரு'. இதை விட்டா அடுத்த தியேட்டருக்கு பஸ் ஏறணுமேங்கிற தைரியம் அவங்களுக்கு!

மேட்டர் என்னன்னா, சட்டம் நம்ம பக்கம் மச்சி. வெளிச் சாப்பாட்டைத் தடுக்கிற உரிமை தியேட்டருக்கு உண்டு. ஆனா, சுத்தமான குடிதண்ணியை இலவசமா வெச்சே ஆகணும்னு 2023 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. கைக்குழந்தைக்கு எடுத்துட்டுப் போற சாப்பாட்டையும் தடுக்கக் கூடாது.

கேட்டும் தரலையா? 1915-க்கு ஒரு போன். அதுலயும் சரிப்படலைனா, கடலூர்ல மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. நாம கொடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளனா, மனுவுக்குக் கட்டணமே கிடையாது. அதனால, கிழிச்ச டிக்கெட்டைக் கீழே போட்டுடாதீங்க. அதான் சாட்சி!

அடுத்த ஷோவுல தைரியமா டம்ளரை நீட்டுங்க பாஸ். நாம கேக்கிறது ஓசி இல்லை... உரிமை!